ஆள் இல்லை

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று மறுபடியும் சொன்னாள் போனுக்குள் இருக்கிற பதிவுக்காரி. "கிழிச்சே" என்றார் குற்றாலிங்கம். அவளுக்குக் கேட்காது. கேட்காதவர்களிடம் பேசுவது கொஞ்ச நாளாக அவருக்குப் பழகிவிட்டது. போன் அக்காவுடையது. அதை உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ அதுதான் ஜட்ஜு மாதிரி. புல்லாங்குழல் ஆரம்பித்தது. நாலே சுரம். ஏறும், இறங்கும், கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கும். இதை வாசித்தவனுக்கு வேறு பிழைப்பில்லையா. காலையில் செண்பா கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, அம்மா பேங்கு அக்கவுண்ட்ட மூடணும். அதுக்கு முந்தி அந்த பெல்லுக்குக் கட்டுன காசு திரும்பி வந்துரணும். மூடுன பொறவு வந்தா அந்தரத்துல நிக்கும். ஒரு போன் போட்டு, சாமான் வந்து சேரலைன்னு சொல்லுங்க. ரீஃபண்ட் போட்டுருவாங்க. அம்புட்டுதான்." அக்கா மகள். ஓசூரில் இருக்கிறாள். அவளுக்கு எல்லாம் அம்புட்டுதான். கேஸ் கனெக்‌ஷனை மாற்றியாயிற்று, ரேஷன் கார்டில் பேரை எடுத்தாயிற்று, மருந்துக்கடையில் சொல்லியாயிற்று. அழுது தீராததை ஒவ்வொரு கதவாக மூடித் தீர்க்கிறாள். மூடட்டும். அவளுக்கு அது ஆகிறது. சாமான் வந்து சேரவில்லை. நாலு சொல்கூட இல்லை. சொல்லிவிட்டு வைத்துவிடலாம். ஆனால் யாராவது எடுக்க வேண்டுமே.

வந்து சேரவில்லை என்பது அவருடைய கட்சி. கம்பெனியின் கட்சி வேறு. போனில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, பச்சைப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும்: புறப்பட்டது, மதுரை வந்தது, திருநெல்வேலி வந்தது, வீடு நோக்கிக் கிளம்பியது. அதுக்கப்புறம் ஒரு சிவப்பு. 'வாடிக்கையாளர் இல்லை.' மறுநாள் இன்னொரு சிவப்பு. 'வாடிக்கையாளர் இல்லை.' அதோடு பெட்டி திரும்பிப் போய்விட்டதாம், போன இடம் அதற்கே தெரியாதாம். முதல் சிவப்பைப் பார்த்ததுமே அவருக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. இல்லையா? யார் இல்லை? அன்றைக்கு மத்தியானம் பூரா இந்த வீட்டை விட்டு அவர் வாசல்படி தாண்டவில்லை. அக்கா எங்கே போவாள், முட்டு இரண்டும் போய் உள்ரூம் கட்டிலே கதியென்று கிடந்தவள்? ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, சாமான் கொண்டுவந்த பையன் கீழேயே வண்டியை நிறுத்தி, மேலே அண்ணாந்து பார்த்து, ஒரு எழுத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறான். இந்த வித்தை அவருக்குத் தெரியாததா. ரிட்டையர் ஆகிறவரைக்கும் கோர்ட்டில் அமீனாவாக இருந்து, ஊர் ஊராகச் சம்மன் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஆள் இருந்தால் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சம்மனின் முதுகில் 'ஆள் இல்லை' என்று எழுதித் திருப்ப வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஒரு தெருவையே இல்லாமல் ஆக்கின சகாக்கள் இருந்தார்கள். அவர் ஏறுவார். நாய் துரத்தினாலும் ஏறுவார். ஒருமுறை ஜட்ஜு மேலேயிருந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார், "இல்லைன்னு எழுதியிருக்கீரே, எந்த இல்லைய்யா இது? வீட்ல இல்லையா, ஊர்ல இல்லையா, உலகத்துலயே இல்லையா?" கோர்ட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். அதுக்கப்புறம் எப்போதும் தெளிவாக எழுதுவார். இரண்டாவது சிவப்பை மட்டும் அவர் படிப்பதில்லை. கண் அங்கே போவதற்குள் விரல் திரையை மேலே தள்ளிவிடும்.

பெல். வேறொன்றுமில்லை, கம்பியில்லாத காலிங் பெல். கட்டிலோரம் ஒரு பொத்தான், அவர் பேப்பர் படிக்கிற பால்கனியிலோ படுக்கிற தலைமாட்டிலோ ஒரு பெட்டி. அமுக்கினால் அங்கே சத்தம் கேட்கும். அதற்கு முன்னால் டம்ளர்தான். எவர்சில்வர் டம்ளரால் இரும்புக் கட்டிலின் கம்பியைத் தட்டுவாள், டண் டண் டண் என்று, மூன்று தரம். தண்ணிக்கு, தைலத்துக்கு, சும்மா மணி என்னவென்று கேட்க. "என்ன?" என்பார் இங்கேயிருந்தே. எழுந்து போகுமுன் அந்த 'என்ன'வைப் போட்டுவிட்டுத்தான் எழுவார். அதில் பாதி கோபம், பாதி முழங்கால். ஒருநாள் போய் நின்று சொன்னார், "என்னத்துக்கு இப்படிக் கம்பியத் தட்டுத? ஜெயிலா இது?" அவள் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஆமா, நீ வார்டர். சோத்தைக் கொண்டாந்து வச்சிட்டு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுப் போறவன் வேற யாரு?" சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். சாயந்தரத்துக்குள் பெல்லுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. செண்பா கற்றுக்கொடுத்த வித்தை. வாழைக்காய் சீவுகிற கட்டை, போனுக்குப் பச்சை உறை, கழுத்து இறங்காத நைட்டி, எல்லாம் அதிலேதான். "கண்ணால பாக்காத கடையில சாமான் வாங்குதியே, உனக்கு அறிவிருக்கா?" என்று கேட்டார். "நீ கண்ணால பாத்து வாங்குன கத்தரிக்காய் பூரா புழு" என்றாள். பெல்லில் முப்பதோ என்னவோ பாட்டு இருக்கிறதாம், வேண்டியதை வைத்துக்கொள்ளலாமாம். குயில் வைக்கலாம் என்றாள். "எனக்குக் குயிலும் வேண்டாம் மயிலும் வேண்டாம்." "உன்னைய யாருலே கேட்டா? அமுக்குறது நான்லா." அப்புறம் தினமும் போனைப் பார்ப்பாள். மதுரைக்கு வந்துட்டு, ஏலே குத்தாலம். திருநேலி வந்துட்டு. குழந்தையை ரயிலில் ஏற்றிவிட்டவள் மாதிரி. குழல் நின்றது. கட் ஆகிவிட்டதோ என்று குனிந்தார். கட் ஆகவில்லை.

"வணக்கமுங்க சார், நான் மோகனப்ரியா பேசறேனுங்க. என்ன உதவி வேணுமுங்க?" கோயமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. பின்னால் நூறு பேர் பேசுகிற இரைச்சல். "சாமான் வரல" என்றார். "ஆர்டர் பார்க்கறேன் சார். இது உலகம்மாள் மேடம் பேருல இருக்குங்க. அவங்ககிட்டக் கொஞ்சம் கொடுக்கறீங்களா?" உலகம்மாள் மேடம். அக்காவை இதுவரை ஒருத்தரும் மேடம் என்றதில்லை. கேட்டிருந்தால் ஒருவாரம் சொல்லிக்காட்டியிருப்பாள், மேடத்துக்குத் தண்ணி கொண்டு வாலே என்று. "அவ இல்லை" என்றார். "எப்ப வருவாங்க சார்?" அவர் போனைப் பார்த்தார். பச்சை உறையின் ஓரத்தில் திருநீறு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. "வரமாட்டா." "ஊருக்குப் போயிருக்காங்களா சார்? வந்ததும் அவங்களையே கூப்பிடச் சொல்றீங்களா, ஏன்னா அக்கவுண்ட் அவங்க பேருல..." எந்த இல்லைய்யா இது. சொல்லிவிடலாம். ஒரு சொல். வாய்க்குள் நாக்கு அதை உருட்டிப் பார்த்தது, கல் கிடக்கிற சோறு மாதிரி ஓரமாகத் தள்ளியது. "போன் என்கிட்டத்தான் இருக்கு. என்ன வேணும், சொல்லு" என்றார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணுமுங்க?" "தம்பி." "சரிங்க சார். இந்த நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க." வந்தது. அன்புள்ள உலகம்மாள் என்று ஆரம்பித்து வந்தது. எண்களை மட்டும் படித்தார். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்றாள், குழல் மறுபடியும் ஏறி இறங்கத் தொடங்கியது.

ஒருநாளும் அவர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே பட்டது. சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் வேறு யாராவது முந்திக்கொண்டார்கள். ஆம்புலன்சில் வந்தவன் கையைப் பிடித்துப் பார்த்து "உயிர் இல்லை" என்றான். செண்பா எல்லாருக்கும் "அம்மா தவறிட்டாங்க" என்று சொன்னாள். போஸ்டர் அடிக்கிறவன் இயற்கை எய்தினார் என்று போட்டான், என்ன இயற்கையோ. கீழ்வீட்டு வாத்தியார் "போய்ச் சேந்துட்டாங்க, புண்ணியவதி" என்றார், ஏதோ தென்காசி பஸ் பிடித்துப் போனவளைப் போல. கேட்டவர்களுக்கெல்லாம் குற்றாலிங்கம் தலையை ஆட்டினார். அதுவே போதுமாக இருந்தது. கோர்ட்டில் எத்தனை சம்மன் முதுகில் எழுதியிருப்பார், பிரதிவாதி இறந்துவிட்டார், பிரதிவாதி இறந்துவிட்டார், கீழே ஒரு கையெழுத்து, தேதி. பேனா ஒருநாளும் தயங்கியதில்லை. அக்காவின் போனில் எல்லாம் தமிழில்தான் இருக்கும். எடுக்காத அழைப்பைத் 'தவறிய அழைப்பு' என்று காட்டும். அந்தத் 'தவறிய'வைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். யார் கூப்பிட்டார்கள், அவள் கடைசியாக யாரிடம் பேசினாள் என்று திறந்து பார்த்ததே இல்லை. மேலே மின்விசிறி டக் டக் என்றது. ஒரு சுற்றுக்கு ஒரு டக். எண்ணெய் விட வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே யாரோ குக்கரைத் திறக்கிறார்கள், பருப்பு வாசம். பருப்பு வாசம் அடித்தால் மணி பன்னிரண்டை நெருங்குகிறது என்று அர்த்தம், மத்தியானம் வரப்போகிறது, மத்தியானம் அவருக்கு ஆகாது. இப்போதெல்லாம் மத்தியானம் படுப்பதில்லை. படுத்தால் அந்த டம்ளர் வந்துவிடுகிறது.

டம்ளர் தரையில் கிடந்தது. அதுதான். தூங்கி எழுந்து, முகம் கழுவி, காப்பி போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே உள்ரூமுக்குப் போனால், டம்ளர் கட்டிலுக்குக் கீழே உருண்டு கிடந்தது, தண்ணீர் சுவரோரம் ஓடி நின்றிருந்தது, அவள் ஒருக்களித்தபடி, கை கட்டிலுக்கு வெளியே. காப்பியைப் பற்றி இன்னொரு தரம்கூடக் கேட்டார் என்று நினைக்கிறார். அதற்கு முந்தின இரவு அவளுக்கு இருமல். விடியவிடியத் தட்டிக்கொண்டே இருந்தாள், டண் டண் டண், வெந்நீர், டண் டண் டண், முதுகைத் தேய்த்துவிடு, டண் டண் டண், ஜன்னலைச் சாத்து. காலையில் இட்லியைக் கொண்டு வைக்கும்போது சொன்னார், "ராத்திரி பூராம் தட்டிக்கிட்டே கெடந்தா மனுசன் எப்பம்தான் உறங்க?" அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது அபூர்வம். மத்தியானம் கீழ்வீட்டிலிருந்து சொதி வந்தது, ஊற்றிச் சாப்பிட்டார்கள். "போ, போயி கண்ணசரு" என்றாள். போனார், கட்டையைச் சாய்த்தார், கட்டைதான், வேறென்ன, அப்படி ஒரு தூக்கம். அந்தத் தூக்கத்துக்குள் என்ன நடந்தது? தட்டினாளா? மூச்சு முட்டி, கையெட்டும் தூரத்தில் டம்ளர், எடுத்துக் கம்பியில் தட்டி, தட்டி, இந்தத் தடியன் வருவான் வருவான் என்று பார்த்து, தட்டத் தட்டக் கை சோர்ந்து, டம்ளர் நழுவி? அப்படியானால் எத்தனை தரம் தட்டினாள்? மூன்றா? அதற்கு மேலா? 'என்ன?' என்று ஒரு குரலாவது கேட்க மாட்டோமா என்று காது அந்தப் பக்கமே இருந்திருக்குமே. அந்த 'என்ன'வை அன்றைக்கு மட்டும் அவர் போடவில்லை. பெல் வந்திருந்தால் எழுப்பியிருக்கும். குயிலோ கழுதையோ, தலைமாட்டிலே கத்தியிருந்தால் செத்தவனும் எழுந்திருப்பான். அது அன்றைக்கு வர வேண்டிய பெல். அன்றைக்கு மத்தியானம், இதே தெருவுக்குள், ஒருத்தன் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான், மேலே ஏறச் சோம்பி 'இல்லை' என்று எழுதிவிட்டான். பொய் எழுதியிருக்கிறான். எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் அவன் ஏறிவந்திருந்தால், வாசல் பெல்லை அடித்திருந்தால், கதவைத் தட்டியிருந்தால், அதுவும் இவருக்குக் கேட்கவில்லை என்று ஆகும். அது கேட்கவில்லை என்றால் டம்ளரும் கேட்டிருக்காது. குற்றாலிங்கம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவன் ஏறவில்லை. அதை அந்தக் கம்பெனி எழுதித் தர வேண்டும். காசு கிடக்கிறது.

"சார், இருக்கீங்களா?" என்றாள் மோகனப்ரியா. "எங்க போவேன்?" "ரீஃபண்ட் போட்டுடலாம் சார். காரணம் மட்டும் ஒண்ணு தேர்ந்தெடுக்கணுமுங்க. 'பொருள் இனி தேவையில்லை'ன்னு போட்டா இப்பவே பணம் கிளம்பிடும்." "தேவையில்லைன்னு யாரு சொன்னா?" "இல்ல சார், சும்மா ஒரு காரணத்துக்குத்தான்." "வரலன்னு போடு." "'வந்து சேரவில்லை'ன்னும் இருக்குங்க, ஆனா அது புகாராப் போயிடும். ஏன்னா ரெண்டு நாளும் கொண்டு வந்ததா சிஸ்டத்துல இருக்கு. வீட்டுல ஆள் இல்லாததால..." "பொய்" என்றார். போனே உப்பு ஜாடியை விட்டு நழுவிச் சாய்ந்தது. நிமிர்த்தினார். "பச்சைப் பொய். அன்னைக்கு வீட்டுல நான் இருந்தேன். அக்கா இருந்தா. மேல ஏறாம எழுதியிருக்கான் உங்காளு. கோர்ட்டுல வேல பாத்தவன் நான், எங்கிட்டயே வித்தை காட்டாண்டாம்." "கோபப்படாதீங்க சார். புகார் போட்டா விசாரிப்பாங்க. கொண்டுவந்தவர் பொய் எழுதினது உண்மைன்னா அவருக்கு வேலை போயிடும். நான் போடறேன், வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி அவர் ஏதாவது குறிப்பு எழுதியிருக்காரான்னு ஒருதரம் பார்த்துடறேனே." "பாரு." குழல் வரவில்லை. இந்தத் தடவை அவள் லைனிலேயே இருந்தாள், விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது, டக் டக், மேலே மின்விசிறியும் டக். வேலை போகட்டும், போனால் என்ன. ஏறாதவனுக்கு எதுக்கு வேலை. மறுநாளும் வந்தானாம். மறுநாள் இங்கே வந்தவர்கள் யார் யாரோ. கீழே பந்தல், வாடகை நாற்காலி, குளிர்பெட்டியின் உறுமல், செண்பா வந்து இறங்கும்போது போட்ட கூப்பாடு. அவர் வாசல் கேட் பக்கத்தில் சட்டை இல்லாமல் நின்றுகொண்டிருந்தார், வருகிறவன் கையைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டு. தெருவில் ஒருத்தன் நின்றான், நடுவயது, முதுகில் பெரிய பை, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. அக்காவுக்கு இப்படியும் ஒரு தெரிந்த ஆளா என்று அந்த நேரத்திலும் நினைத்தார். அவன் உள்ளே வரவில்லை. மேலே மாடியை ஒருதரம் பார்த்தான், போஸ்டரைப் பார்த்தான். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல், தெருமுனைவரைக்கும் தள்ளிக்கொண்டே போனான். எதற்கு இதெல்லாம் இப்போது. பை. முதுகில் பெரிய பை.

"சார்." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "குறிப்பு இருக்குங்க. நாங்க படிச்சுச் சொல்லக் கூடாது. ஆனா நீங்க பொய்யின்னு சொல்றதால சொல்றேன். முதல் நாள் அவர் கீழே இருந்து போன் பண்ணியிருக்கார், மேடம் எடுத்துப் பேசியிருக்காங்க." "யாரு?" "உலகம்மாள் மேடம் சார். அவங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கார்னு நினைக்கறேன். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருக்கார், எனக்குச் சரியாப் புரியல, அப்படியே படிக்கறேன். தம்பி... உரம்... உரங்கு தான். தம்பி உரங்குதான். உரம்னா என்னங்க சார்?" அவர் போன் பக்கமாகக் குனிந்தார். "பெல்... அடி... அடிக்காண்டாம். இது என்ன சார், அடிக்காண்டாம்? நாளைக்கு வாங்க. அவ்வளவுதான். நேரம் ரெண்டே கால்னு இருக்கு. லிஸ்ட்ல இதுக்குக் காரணமெல்லாம் கிடையாது, அதனால 'வாடிக்கையாளர் இல்லை'ங்கறதை அமுக்கியிருப்பார்."

தம்பி உறங்குதான். பெல் அடிக்காண்டாம். இது கம்பெனியின் பேச்சில்லை. கோயமுத்தூரிலிருந்து ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், பேசுகிறது அக்கா. அந்தத் 'தா'வில் கொஞ்சம் நீட்டி இழுப்பாள். ரகசியம் சொல்வது மாதிரி, போனை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசியிருப்பாள், அடுத்த ரூமில் கிடக்கிற தடியனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. ராத்திரி பூரா கண்ணு மூடாதவன், ஒரு பொழுது உறங்கட்டும். பெல்லைக் கொண்டுவந்தவனிடமே பெல் அடிக்காதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள், மதுரை வந்துட்டு திருநேலி வந்துட்டு என்று நாள் பூரா பார்த்துக்கொண்டிருந்த பெல்லை. ரெண்டே கால். அவன் போனபின் அவளுக்குத் தாகம் எடுத்திருக்கும். அல்லது மூச்சு. என்னவோ. டம்ளர் கையெட்டும் தூரம். தட்டினாளா? தட்டவில்லை. குற்றாலிங்கத்துக்கு அது கோர்ட்டு முத்திரை குத்தினது மாதிரி தெரிந்தது. வாசலில் நிற்கிறவனையே தட்டவேண்டாம் என்றவள் தான் தட்டுவாளா? தட்டாமல், சத்தம் வராமல், தானே கையை நீட்டியிருப்பாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் நீட்டி. இத்தனை நாளும் கேட்காமல் போன சத்தத்தை அவர் கேட்டுக்கேட்டுச் செத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் இல்லவே இல்லை. ஆறுதல் என்று பார்த்தால் ஆறுதல்தான். தட்டியிருக்கலாமேட்டி, எந்திரிச்சிருப்பேனே, ஏசிக்கிட்டே எந்திரிச்சிருப்பேனே.

"சார்? லைன்ல இருக்கீங்களா?" "ம்." "மறுநாளும் வந்திருக்கார். அதுல ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கார். 'இல்லை'ன்னு." குற்றாலிங்கம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். பந்தல் போட்ட குழிகள் இன்னும் மூடாமல் இருந்தன. வண்டியைத் தள்ளிக்கொண்டே போனானே, தெருமுனைவரைக்கும். எழுதத் தெரிந்தவன். "அவன் சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார். "சார்?" "புகார் வேண்டாம். அவம்மேல ஒண்ணும் போடாத." "சரிங்க சார். அப்ப காரணம்?" அவர் வாயைத் திறந்தார். ஓரமாகத் தள்ளிவைத்த கல் அங்கேயேதான் இருந்தது. "எங்க அக்கா செத்துப்போயிட்டாம்மா" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். உள்ரூம்வரைக்கும் போய்த் திரும்பியது. "அவன் மொதநாள் வந்துட்டுப் போனானே, அன்னைக்குத்தான். தேவையில்லைன்னே போடு."

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டுகிற சத்தம் நின்றது. "எனக்குத் தெரியாதுங்க ஐயா. எப்ப வருவாங்கன்னு கேட்டுட்டேன்" என்றாள். சாரை விட்டு ஐயாவுக்கு வந்திருந்தாள். "உனக்கெப்படித் தெரியும்? நான்தான் இல்லைன்னேன்." "போட்டுட்டேனுங்க. பணம் வந்துடும்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் பழக்கத்தில், எழுதிக் கொடுத்த பாடத்தை ஒப்பிக்கிறவள் போல, "வேற ஏதாவது உதவி வேணுமுங்களா?" என்றாள். வழக்கமாக இந்த இடத்துக்கு வருவதற்குள் அவர் வைத்திருப்பார். எந்தப் போனையும் அவர் 'வைக்கட்டுமா' என்று கேட்டு வைத்ததில்லை. கீழே பருப்பைத் தாளித்தார்கள். மின்விசிறி டக்கென்றது.

"மொதல்ல ஒண்ணு படிச்சியே. அந்த ஆளு எழுதினது." "ஆமாங்க ஐயா." "அத இன்னொரு தரம் படி."

அவள் படித்தாள். இந்தத் தடவை எழுத்துக்கூட்டவில்லை, ஒரே மூச்சில் படித்துவிட்டாள்.

"அப்படியில்ல" என்றார் குற்றாலிங்கம். போனை இரண்டு கையாலும் எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார். "மெதுவாப் படி தாயி. அவசரம் ஒண்ணும் இல்லை."